‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள்’ என்ற பயமும் ஷிப்ட் பொறுப்பும்

நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீ மேக்கராக (தூள் தயாரிப்பைக் கவனிப்பவருக்கு உதவியாளராக) இருந்த தம்பி ஒருவர், இப்போது இரவு ஷிப்டுக்குப் பொறுப்பாகியிருக்கிறார். பயிற்சி வகுப்பில் ‘சர்வன்ட் லீடர்ஷிப்’ பற்றிச் சொல்லிக் கொடுத்தார்களாம், தொண்டு செய்யும் தலைமை. கேட்க நன்றாக இருந்தது, ஆனால் திரும்பி வந்து பேசினால் மேனேஜர் “இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள்” என்கிறார் என எழுதியிருக்கிறார். ஆட்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். இதை நடைமுறையில் எப்படிச் செய்வது, கண்டிப்பு போய்விடாதா என்பது கேள்வி.

தம்பி, கண்டிப்பு போகாது. போக வேண்டியது எஜமான் தோரணை மட்டும்தான். உங்கள் ஆட்கள் வேலை செய்ய எது இடைஞ்சலாக இருக்கிறது என்று பாருங்கள். அதில் அவர்களால் நீக்க முடியாததை, உங்கள் பதவியை வைத்து நீங்கள் நீக்கிக் கொடுங்கள். பதவி அதற்குத்தான். குன்னூர், குந்தா பக்கத் தொழிற்சாலைகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இருந்து, 1964-இல் ஓய்வு பெற்று, 1970-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். பெரிய கம்பெனிக்குள்ளேயே வாழ்ந்து, ஆட்கள் எப்படி வளர்கிறார்கள், எப்படி நசுங்குகிறார்கள் என்று பார்த்தவர். வகுப்பில் பத்துப் பண்புகள் என்று ஒரு பட்டியல் காட்டியிருப்பார்கள். அது பின்னாளில் லாரி ஸ்பியர்ஸ் தொகுத்தது. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கிரீன்லீஃப் வைத்த சோதனை போதும். உங்களிடம் வேலை பார்ப்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா? முன்பைவிட ஆரோக்கியமாக, விவரமாக, சொந்தக் காலில் நிற்பவர்களாக, பிறருக்கும் உதவுகிறவர்களாக ஆகிறார்களா? இதோடு அவர் விடவில்லை. இருப்பவர்களிலேயே கடைசியில் நிற்பவருக்கு இதனால் நன்மை உண்டா, குறைந்தபட்சம் இருப்பதும் பறிபோகாமல் இருக்கிறதா என்றும் கேட்டார். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கடைசிக் கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். நம் மலையில் அதுதான் முதல் கேள்வி.

ஏன் என்றால், இங்கே தலைமை என்பதற்கு நீண்ட காலம் ஒரே முகம்தான் இருந்தது. கங்காணி சமவெளி ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி மலைக்குக் கூட்டி வந்தார். அந்தக் கடன் தீரும்வரை ஆள் நகர முடியாது. தன் கூட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள் என்பதை வைத்து கங்காணிக்குக் கமிஷன். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரி, குந்தா பக்கம் குடியமர்ந்த குடும்பங்களும் அங்கே இதே முறையைப் பார்த்தவர்கள்தான். உங்கள் ஷிப்டில் இருக்கும் மூத்தவர்களின் அப்பாவும் தாத்தாவும் அதட்டலைக் கேட்டே வளர்ந்தவர்கள். திடீரென்று ஒரு சின்னப் பையன் வந்து “உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்” என்றால், இவனுக்கு நம்மிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அது அவர்கள் குற்றமல்ல. பேச்சை நம்ப மாட்டார்கள், நடந்ததை நம்புவார்கள். அதனால் சர்வன்ட் லீடர்ஷிப் என்ற பெயரையே ஷிப்டில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, சுழலும் பாகங்களுக்கு மறைப்பு இதெல்லாம் 1948 தொழிற்சாலைகள் சட்டம் தொட்டே நிர்வாகத்தின் கடமை. வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தோட்டங்களுக்குக் கடமையாக்கியது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். கடமையைச் செய்துவிட்டு அதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாத தொழிற்சாலையில் தலைமைப் பண்பு பற்றிப் பேசுவதே தவறு. முதலில் தாழ்ப்பாள், அப்புறம் மற்றது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொருவரிடமும் அவர் நிற்கும் இடத்துக்கே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வேலையில் உங்களுக்கு எது தொந்தரவு?” கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். கூட்டத்தில் யூனியன்காரர் பேசுவார், வாய் உள்ளவர் பேசுவார், தூளைக் காயவைக்கும் டிரையர் பக்கம் வியர்த்துக்கொண்டு நிற்பவர் பேச மாட்டார். கேட்டதை ஒரு சின்ன நோட்டில் அவர் கண் முன்னாலேயே எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் திரும்பிப் போய், ஆனது, ஆகாதது இரண்டையும் சொல்லுங்கள். ஆகாததைச் சொல்லப் போவதுதான் கஷ்டம். அதற்குத்தான் மதிப்பும் அதிகம்.

ஒரு தொழிற்சாலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், விஷயம் புரியும். இலை குவியும் சீசன். இரவு ஷிப்ட். பச்சை இலையை வாட்டும் விதரிங் ட்ரஃபிலிருந்து வாடிய இலை சல்லடை, காந்தம் எல்லாம் தாண்டி, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளைகளுக்குப் போகிறது. கொஞ்சம் ஈரம் கூடுதலான இலை வந்தால் உருளைக்கு மேலே கட்டியாக அடைத்துக்கொள்ளும். அதைத் தள்ளிவிட மரக்குச்சி உண்டு. அங்கே வேலை செய்த ஆள் கையாலேயே தள்ளிக்கொண்டிருந்தார். பற்கள் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இடம் அது. கை உள்ளே போனால் வெளியே வருவது கையாக இருக்காது. அதற்கு முன்பு இருந்த பொறுப்பாளர்கள் பார்க்கும் போதெல்லாம் திட்டினார்கள், மெமோ கூடக் கொடுத்தார்கள். கையும் நிற்கவில்லை, திட்டும் நிற்கவில்லை.

புதிதாக வந்த டீ மேக்கர் திட்டாமல், லைனை நிறுத்திவிட்டு, “அண்ணே, ஏன் குச்சியை எடுக்கவில்லை?” என்று மட்டும் கேட்டார். பதில் சாதாரணமானது. குச்சி மெக்கானிக் அறையில் இருக்கிறது, மெக்கானிக் ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். மெஷினை நிறுத்தலாம் என்றால் சுவிட்ச் அந்தக் கோடியில் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. போய் வருவதற்குள் இலை தரையில் கொட்டும், கொட்டியதற்கும் திட்டு. அந்த ஆள் எல்லா இரவும் தன் விரலைப் பணயம் வைத்துத் தொழிற்சாலையின் இலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது மெமோ. டீ மேக்கர் அன்றைக்கே மூங்கில் குச்சி இரண்டை உருளைப் பக்கத்திலேயே கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். எலக்ட்ரீஷியன் பின்னாலேயே அலைந்து, அடுத்த வாரம் கை எட்டும் தூரத்தில் ஒரு ஸ்டாப் சுவிட்ச் வைக்கவைத்தார். “இதை அமுக்க யாரிடமும் கேட்க வேண்டாம். இலை கொட்டினால் பதில் சொல்வது என் பொறுப்பு” என்றார். மெமோவை ஃபைலிலிருந்து எடுக்கச் சொல்லி ஆபீசில் பேசினார். நான் பார்த்ததிலேயே சரியான சர்வன்ட் லீடர்ஷிப் இதுதான்.

இதில் அவர் அந்த ஆளின் வேலையைத் தான் வாங்கிச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் நிறையத் தடுமாறுகிறார்கள். தலைவன் தொண்டு செய்ய வேண்டும் என்றவுடன் துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவது, சாக்கு தூக்குவது, எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுப்பது என்று ஆரம்பிப்பார்கள். அவசரத்துக்குக் கை கொடுப்பது நல்லது, செய்யுங்கள். ஆனால் நீங்கள் சாக்கு தூக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஸ்டாப் சுவிட்சுக்காக அலைய யாரும் இல்லை. சாக்கு தூக்க ஆள் உண்டு. ஆபீஸ் கதவைத் தட்ட ஷிப்டில் உங்களை விட்டால் ஆள் இல்லை.

நிறுத்தும் உரிமையை ஆளிடம் கொடுத்தால் உற்பத்தி படுத்துவிடும் என்பார்கள். நம் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், அந்தப் பெட்டியின் பிரேக் அவர் கையில். எல்லாப் பிரேக்கையும் டிரைவரே வைத்துக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1899-இல் குன்னூருக்கு வந்த ரயில், ஆளுக்கு ஆள் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது கண்டிப்பு. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் கல்லூரி இருப்பதால் நமக்கு இந்த உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1932 டிசம்பரில் டேராடூன் ராணுவ அகாடமியைத் தொடங்கிவைத்த அப்போதைய தலைமைத் தளபதி சர் பிலிப் செட்வோடு பயிற்சி அதிகாரிகளுக்குச் சொன்ன வரிசை இது: நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும் முதலில்; உங்களுக்குக் கீழே இருக்கும் வீரர்களின் மானமும் நலமும் வசதியும் அடுத்து; உங்கள் சொந்த சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில். அப்போது அங்கே படித்த முதல் அணியில் ஒருவர், ராணுவத் தளபதியாக உயர்ந்த மானெக்‌ஷா. பின்னாளில் வெலிங்டன் கல்லூரிக்கே தலைமை வகித்து, ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே வாழ்ந்து, 2008-இல் வெலிங்டனில் காலமானவர். ராணுவத்தில் கண்டிப்பு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்கிற அதிகாரிக்குத்தான் கடுமையான உத்தரவு போடும் தகுதி வருகிறது.

ஆகவே சில விஷயங்களில் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள். குடித்துவிட்டு வருகிறவரை சிடிசி பக்கம் விடவே கூடாது, அவர் உங்கள் சொந்த மாமாவாக இருந்தாலும். வீட்டுக்கு அனுப்புங்கள், பாதி வழியில் காட்டெருமை நிற்கும் நேரம் என்றால் துணைக்கு ஆள் போட்டு அனுப்புங்கள். டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் மூன்று சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையாகக் கூடாது. நறுக்கிய இலையைப் புளிக்கவைக்கப் பரப்பும் ஃபெர்மென்டிங் தரையைக் கழுவாமல் அடுத்த இலையைப் பரப்பக் கூடாது. இதையெல்லாம் சத்தம் போடாமல், ஆளுக்கு ஆள் மாற்றாமல் சொல்லுங்கள். தரம் கெட்டால் ஏலத்தில் விலை விழும். விலை விழுந்தால் முதலில் நின்றுபோவது தற்காலிகப் பெண்களின் வேலைதான். தரத்தை விட்டுக்கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் இரக்கம் ஆகாது.

வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர் ஒருவர் எப்படியும் இருப்பார். உங்கள் மேனேஜர் பயப்படுவது அவரை நினைத்துத்தான். அவருக்குத் தனியாக ஒருமுறை சொல்லுங்கள், இன்னொருமுறை சாட்சி வைத்துச் சொல்லுங்கள், அடுத்தது எழுத்தில் கொடுங்கள். இவரை விட்டுவிட்டால் இவர் செய்யாத வேலையைப் பக்கத்தில் இருப்பவர் சேர்த்துச் செய்கிறார். ஒருவருக்கு இடம் கொடுப்பது இன்னொருவர் முதுகில்தான் ஏறுகிறது என்று தெரிந்தால் தயக்கம் வராது.

கடைசியில் நிற்பவர் யார் என்று ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும், அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. இப்போது நம் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கும், படிக்க வேண்டியவருக்கு இரண்டும் தெரியாது. இந்தியில் எழுதி வையுங்கள், அதோடு படமும் போடுங்கள். அவர்களில் தமிழ் பிடிபட்ட ஒருவரை ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் சொல்ல வையுங்கள். ஊரில் சாவு என்று போன் வந்தால் அவர்களுக்குப் போய்வரவே ஒரு வாரம் ஆகும். இரண்டு நாள் லீவு என்பது அவர்களுக்கு லீவே இல்லை.

தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நிற்கும் சிறு விவசாயியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். மழை நாளில் இலை எடை போடும் இடத்தில் நின்று பாருங்கள். முதுகில் சாக்கைச் சுமந்து வந்த அம்மா ஒருவர் நிற்கிறார், தலையில் பிளாஸ்டிக் படுதா, தண்ணீர் சொட்டுகிறது. தராசின் எண் எழுத்தர் பக்கம் திரும்பியிருக்கிறது. அவர் ஒரு எண்ணைப் பார்க்கிறார், ஈரத்துக்கு, சாக்குக்கு என்று மனதுக்குள் கழிக்கிறார், வேறு எண்ணை எழுதுகிறார். கழித்தது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த அம்மாவுக்கு அது தெரிய வழியில்லை. எண் தெரியும்படி தராசைத் திருப்பி வையுங்கள், மொத்த எடை, கழிவு, மீதி என்று மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கழிவு அதிகம் என்று நினைப்பவர் சாக்கைக் கொஞ்ச நேரம் வடியவிட்டு மறுபடி எடை போடலாம் என்று அறிவியுங்கள். சுமார் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள்தான் கிடைக்கிறது, ஒவ்வொரு கிலோ இலைக்கும் கணக்குப் பார்க்கிற தொழில் இது. வெளிப்படையாகக் கழித்தால் தொழிற்சாலைக்கு நஷ்டமில்லை, நல்ல இலை தேடி வரும்.

வளர்ப்பது பற்றி வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நல்ல டீ மேக்கர் ஃபெர்மென்டிங் தூளை ஒரு கை அள்ளி முகர்ந்தே சொல்வார், பச்சை வாடை போய்விட்டதா, செம்பு நிறம் வந்துவிட்டதா, இன்னும் எத்தனை நிமிடம் என்று. நிறையப் பேர் இதைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள், தனக்குப் பதில் ஆள் வந்துவிடுவார் என்று பயம். நீங்கள் எதிர்மாறாகச் செய்யுங்கள். ஃபெர்மென்டிங்கில் நிற்பவரை முதலில் முகரச் சொல்லுங்கள், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். தூள் கப்பில் ஊற்றி ருசி பார்க்கும்போது அவரையும் அழைத்து, நேற்று அவர் எடுத்த முடிவு கப்பில் எப்படி வந்திருக்கிறது என்று காட்டுங்கள். தொழிலாளிகளில் பெரும்பாலோர் தாங்கள் செய்த டீயை அந்த மேசையில் ருசி பார்த்ததே இல்லை. தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் சார்ட்டிங்கில் இருக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும். எந்தச் சல்லடையில் துளை பெரிதாகிவிட்டது என்று மெக்கானிக்குக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பிரிவுக்கு அவர்களில் ஒருவரையே பொறுப்பாக்குங்கள். பொறுப்பைக் கொடுத்தால் கூடுதல் சம்பளத்துக்கும் நீங்களே பேச வேண்டும், வெறும் பட்டம் கொடுத்து வேலையை மட்டும் ஏற்றக் கூடாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க கூடலூருக்குப் போனால் போதும். 1990-இல் உருவான அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில், வெளியிலிருந்து வந்த டாக்டர்கள் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் நர்சுகளாகவும் ஆக்கினார்கள். சிகிச்சை பெற வந்த சமூகமே சிகிச்சை கொடுக்கும் இடத்துக்கு வந்தது. கிரீன்லீஃப் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் பார்க்கவில்லை.

மூத்தவர்கள் விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அண்ணா, அக்கா என்றே கூப்பிடுங்கள், தெரியாததைக் கேளுங்கள், முடிவை மட்டும் நீங்கள் எடுங்கள்.

உங்கள் கையில் இல்லாதவையும் உண்டு. தினக்கூலி, போனஸ், பசுந்தேயிலை விலை எதையும் ஷிப்ட் பொறுப்பாளர் மாற்ற முடியாது. அதைக் கேட்டால் “பார்க்கலாம்” என்று சொல்லாதீர்கள். “இது என் கையில் இல்லை, இன்னாரிடம் சொல்கிறேன்” என்று சொல்லி, உண்மையிலேயே சொல்லுங்கள். எங்கள் காலத்தில் ஆட்களை அதிகம் சோர வைத்தது திட்டு அல்ல, ‘பார்க்கலாம்’தான்.

இனி உங்கள் மேனேஜர். அவரும் மேலிருந்து நசுக்கப்படுகிறவர்தான், அவர் பயத்தைக் கேலியாக எடுக்காதீர்கள். அவரோடு கொள்கை விவாதம் வேண்டாம். கிரீன்லீஃப் இதற்கு ஜான் உல்மன் என்ற 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கரை உதாரணம் காட்டுவார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தன் பிரிவிலேயே அடிமைகளை வைத்திருந்தவர்கள் வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் பயணம் போய், ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளில், 1776-இல், பிலடெல்பியா குவேக்கர்கள் அடிமை வைத்திருப்பவருக்குத் தங்கள் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். நமக்கு வேண்டியது ஒரு ஸ்டாப் சுவிட்ச், ஒரு தாழ்ப்பாள், ஒரு இந்திப் பலகை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். அது இல்லாததால் லைன் எத்தனை நிமிடம் நின்றது, எவ்வளவு இலை கொட்டியது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதி, அந்தக் கணக்கோடு போங்கள். குன்னூர் ஏலத்தில் விலை குறைந்து வந்த நாளில் மட்டும் போகாதீர்கள். இலை குறைவாக வரும் பனிக்காலத்தில், மேனேஜர் நிதானமாக உட்கார்ந்து டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.